இழுக்கிற குழாய், தள்ளுற குழாய்: தண்டை சீவியும் நாடியைப் பிடிச்சும் பார்த்தது

பத்தாவது பயாலஜில தண்டோட குறுக்குவெட்டு படம் ஒரு பாடத்துல இருக்கும், இதயம் வேற ஒரு பாடத்துல இருக்கும், ரெண்டையும் பசங்க கண்ணை மூடிக்கிட்டே வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கிடுவாங்க. நிஜ தண்டு ஒண்ணை கையில குடுத்து சைலம், அதான் தண்ணி ஏறுற குழாய், எங்கடா இருக்குன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. எங்க அக்கா பையனும் அப்படித்தான் முழிச்சான். சரின்னு இந்த லீவுல படம் வரையறதையே தள்ளி வெச்சுட்டு ரெண்டு பேரும் குழாயை மட்டும் பிடிச்சுக்கிட்டோம், அதாவது செடிக்குள்ள தண்ணி போற குழாய், நம்ம உடம்புக்குள்ள ரத்தம் போற குழாய், மூச்சு போற குழாய், இதுங்க எப்படி வேலை செய்யுதுன்னு கையால செஞ்சு பார்க்கிறது, புக்கை கடைசியா திறக்கிறது. செஞ்சதை அப்படியே எழுதி வெக்கிறேன், வேற யாராவது பசங்களோட உட்கார்ந்து செய்யறவங்களுக்கு உதவும்.

முதல்ல கலர் தண்ணி. இதுக்கு காசித்தும்பை மாதிரி செடி கிடைக்காது, தண்டு பாதி கண்ணாடி மாதிரி இருக்கிறதால வெட்டாமலே உள்ள நடக்கிறது தெரியும். இலையோட ஒரு கிளையை வெட்டி சிவப்பு ஃபுட் கலர் கரைச்ச தண்ணில வெச்சோம், ஆனா இதுல ஒரு விஷயம், செடியிலேர்ந்து வெட்டிட்டு வந்த உடனே தண்டோட அடிப்பகுதியை ஒரு கிண்ணம் தண்ணிக்குள்ள முக்கி அங்கயே இன்னொரு தடவை ஒரு ரெண்டு செ.மீ. வெட்டி விடணும். வெட்டின நிமிஷமே குழாய்க்குள்ள காத்து புகுந்துடும், ஏன்னா உள்ள இருக்கிற தண்ணி ஏற்கனவே மேல இழுபட்டு விறைப்பா நிக்குது, வாய் திறந்ததும் அது மேல ஓடிடும், காலி இடத்துல காத்து வந்து உட்கார்ந்துக்கும். காத்துக்குமிழி அடைச்ச குழாய்ல கலர் ஏறாது. தண்ணிக்குள்ள வெட்டினா காத்துக்கு பதிலா தண்ணியே உள்ள போயிடும். பூ ஜாடில பூ சீக்கிரம் வாடாம இருக்க இதையேதான் செய்வாங்க.

கொஞ்ச நேரத்துலயே தண்டுல மெல்லிசா சிவப்பு கோடுங்க மேல ஏற ஆரம்பிச்சுது. பக்கத்துலயே இன்னொரு கிளையை இலை எல்லாத்தையும் கிள்ளிட்டு அதே கலர் தண்ணில வெச்சிருந்தோம், அது அப்படியே நின்னுச்சு, கலர் ஏறுச்சான்னு தேடிப் பார்க்கணும். அப்பதான் பையன் கேட்டான், "மாமா, அப்ப பம்ப் கீழ இல்லையா, மேல இலையிலயா இருக்கு?" இந்த கேள்வி வந்ததுக்கு அப்புறம் நான் பெருசா ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டியே இல்ல, மிச்சமெல்லாம் அவனே தோண்ட ஆரம்பிச்சுட்டான்.

அடுத்து ப்ளேடு. தண்டை மெல்லிசா சீவறதுதான் மொத்த வேலையிலயும் கஷ்டமான பகுதி, அதனால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். சூரியகாந்தி இளந்தண்டு எடுத்துக்கிட்டோம், ரொம்ப முத்தினது வேணாம், கட்டையா இருக்கும். புது ப்ளேடு வேணும், ஒரு தடவை வேற எதையாவது வெட்டினது இதுக்கு ஆகாது. தண்டு மெலிசா இருந்தா கேரட் துண்டு ஒண்ணை நடுவுல கீறி அதுக்குள்ள சொருகி ரெண்டையும் சேர்த்து பிடிக்கணும், அப்பதான் நசுங்காது. ப்ளேடும் நனைஞ்சிருக்கணும், தண்டு முகமும் நனைஞ்சிருக்கணும். அழுத்தி வெட்டக்கூடாது, ப்ளேடை நம்ம பக்கம் சாய்வா ஒரே இழுப்பா இழுக்கணும், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினா செல் எல்லாம் கிழிஞ்சு போகும். பிடிக்கிற கையோட கட்டை விரல் ப்ளேடோட மட்டத்துக்கு கீழ இருக்கணும், இதை பசங்களுக்கு திரும்ப திரும்ப சொல்லணும். சின்ன பசங்கன்னா சீவறதை பெரியவங்க செஞ்சு குடுத்துடறது நல்லது.

முழு வட்டமா ஒரு சீவல் வரணும்னு அடம்பிடிக்க தேவையே இல்ல, இதை யாரும் பசங்களுக்கு சொல்றதில்ல. நிறைய சீவி எல்லாத்தையும் தண்ணில போட்டா தடியா இருக்கிறது வெள்ளையா தெரியும், மெல்லிசு கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது, அந்த தெரியாததைத்தான் பிரஷ்ஷால எடுக்கணும், அது கால் வட்டமா இருந்தாலும் சரி, ஓரம் பிஞ்சு இருந்தாலும் சரி. அதை சாஃப்ரனின்ங்கிற சிவப்பு சாயத்துல கொஞ்ச நேரம் வெச்சு, கலர் விடறது நிக்கிற வரைக்கும் தண்ணில அலசி, ஸ்லைடுல ஒரு சொட்டு கிளிசரின் வெச்சு அது மேல படுக்க வெச்சு, கவர்ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்ச்சு ஊசியால மெதுவா இறக்கணும், பட்டுனு போட்டா காத்துக்குமிழி மாட்டிக்கும், மைக்ராஸ்கோப்ல கறுப்பு வளையம் போட்ட அழகான உருண்டையா தெரியும், நிறைய பசங்க அதைத்தான் செல்லுன்னு வரைஞ்சு வெப்பாங்க.

இப்ப தெரிஞ்சது என்னன்னா, புக்ல இருக்கிற படத்துல எல்லாம் பளிச் பளிச்சுன்னு கோடு போட்டு பிரிச்சிருக்கும், இங்க அப்படி எதுவும் இல்ல. வெளிய ஒரு வரிசை புறத்தோல், அதுல அங்கங்க பல செல் சேர்ந்த முடி, அதுக்கு உள்ள மூலை தடிச்ச செல்லுங்க, அப்புறம் வெளிறின புறணி, அதுக்கப்புறம் வட்டமா சுத்தி நிக்கிற வாஸ்குலார் கற்றைங்க, அதாவது குழாய்ங்க சேர்ந்த கட்டுங்க. ஒவ்வொரு கற்றைலயும் உள்பக்கம் தடிச்ச சிவப்பு சுவரோட பெரிய ஓட்டைங்க வரிசையா நிக்கும், அதுதான் சைலம், சுவரை கட்டையாக்கற லிக்னின் இருக்கிறதால சாஃப்ரனினை அப்படியே பிடிச்சுக்குது. அதுக்கு வெளிய சின்னச்சின்னதா கசங்கின மாதிரி ஒரு பகுதி இருக்கும், சாயமே சரியா ஏறாது, அதான் இலை செஞ்ச சாப்பாட்டை கொண்டு போற ஃபுளோயம். ரெண்டுக்கும் நடுவுல கேம்பியம்னு, புது செல்லை உண்டாக்கற அடுக்கு, புக்ல ஒரு தெளிவான பட்டையா இருக்கும், இங்க தட்டையா செவ்வகமா சில செல்லுங்க அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும், ஃபோகஸை மெல்ல திருப்பிக்கிட்டே தேடினாதான் கிடைக்கும்.

புறணியோட கடைசி உள் வரிசையான அகத்தோல் எங்கன்னு அவன் ரொம்ப நேரம் தேடினான், கிடைக்கல. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. சாயம் போடாத இன்னொரு சீவலை எடுத்து அயோடின் ஒரு சொட்டு விட்டா போதும், சூரியகாந்தி மாதிரி, விதையில ரெண்டு பருப்பு இருக்கிற இருவித்திலை தண்டோட அகத்தோல்ல ஸ்டார்ச் சேர்ந்திருக்கும், அதனால அதுக்கு ஸ்டார்ச் அடுக்குன்னே ஒரு பேரு உண்டு, கற்றைங்களுக்கு வெளிய நீலக்கறுப்பு புள்ளிகளா ஒரு வரிசை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் "இவ்ளோதானா?"ன்னான். அவ்ளோதான். மக்காச்சோள தண்டையும் ஒண்ணு சீவி பார்த்தோம், அதுல கற்றைங்க வட்டமா இல்லாம சிதறிக் கிடக்கும், கேம்பியம் கிடையாது, நல்ல கட் கிடைச்சா ஒவ்வொண்ணும் ஒரு சின்ன முகம் முழிச்சு பார்க்கிற மாதிரி இருக்கும். ஒருவித்திலை இருவித்திலை வித்தியாசத்தை அட்டவணை போட்டு மனப்பாடம் பண்றதுக்கு பதிலா இந்த ரெண்டு ஸ்லைடை மாத்தி மாத்தி பார்த்தா போதும்.

குறுக்கா வெட்டினது போக, காசித்தும்பை தண்டை நீளவாக்குல சீவினோம். எனக்கு பிடிச்ச காட்சின்னா இதுதான். 400 மடங்கு பெருக்கத்துல சைலம் குழாய் நீளமா படுத்திருக்கு, அதோட சுவர்ல உள்பக்கமா சிவப்பா ஒரு கம்பி சுருள் சுருளா போகுது, சில குழாய்ல சுருளுக்கு பதிலா தனித்தனி வளையம். சீவும்போது கிழிஞ்ச இடத்துல அந்த சுருள் பிரிஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு வேற நிக்குது. இது உயிரில்லாத செல், உள்ள சைட்டோபிளாசம் எதுவும் கிடையாது, செத்தாதான் குழாயா வேலையே செய்யும், ஆனா சுவருக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு கம்பி கட்டு வேலை? இந்த கேள்வியை அப்படியே ஓரமா வெச்சுட்டு இலைக்கு போனோம்.

இலைத்துளைக்கு நெயில் பாலிஷ் வழி எல்லாருக்கும் தெரியும், இலையோட அடிப்பக்கம் கலரில்லாத பாலிஷ் தடவி, நல்லா காய விட்டு, செலோ டேப்பால உரிச்சு ஸ்லைடுல ஒட்டறது. எண்ணறதுக்கு அது போதும். ஆனா அது வெறும் அச்சு, உயிரோட எதுவும் இருக்காது. உயிரோட பார்க்கணும்னா ரியோ செடி, இலைக்கு அடிப்பக்கம் ஊதாவா இருக்குமே அது. இலையை கோணலா கிழிச்சா ஓரத்துல மெல்லிசா ஒரு தோல் நீட்டும், அதை பிடிச்சு இழுத்து ஒரு சொட்டு தண்ணில வெச்சா ஊதா செல்லுங்க நடுவுல பச்சையா ரெண்டு ரெண்டு காப்பு செல், அதாவது துளையை திறந்து மூடற செல், தெரியும், அதுல மட்டும்தான் பச்சையம் இருக்கு. இப்ப கவர்ஸ்லிப்போட ஒரு ஓரத்துல உப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டு எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பரை வெச்சு உறிஞ்சினா உப்புத் தண்ணி உள்ள பரவும், கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தா காப்பு செல் தொய்ஞ்சு நடுவுல இருக்கிற துளை மூடும், ஊதா செல்லுக்குள்ள இருக்கிறதும் சுருங்கி சுவரை விட்டு விலகும். பொட்டாசியம் அயனி உள்ள வந்தா தண்ணி பின்னாலயே வரும், செல் விறைக்கும், துளை திறக்கும், வெளிய போனா மூடும்னு புக்ல ஒரு பாரா இருக்கும் இல்லையா, அதுல பொட்டாசியத்தை நாம பார்க்க முடியாது, ஆனா தண்ணி வெளிய போனா மூடும்ங்கிற பாதியை இப்படி கண்ணால பார்த்துடலாம்.

எண்ணிக்கைக்கு ஒரு சின்ன கணக்கு. ட்ரான்ஸ்பரன்ட் ஸ்கேலை 40 மடங்குல வெச்சு பார்வை வட்டத்தோட விட்டம் எத்தனை மி.மீ.ன்னு பார்த்துக்கணும், 400 மடங்குக்கு போனா அதுல பத்துல ஒரு பங்கு. 4.5 மி.மீ. இருந்தா 0.45 ஆகும், பரப்பு ஏறக்குறைய 0.16 சதுர மி.மீ. அதுல 16 துளை தெரிஞ்சா ஒரு சதுர மி.மீ.க்கு 100. பல இருவித்திலை செடிகள்ல அடிப்பக்கம்தான் கூட இருக்கும், புல் வகைல ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், அல்லி இலை தண்ணில மிதக்கிறதால மேல்பக்கம் மட்டும்.

இப்ப இலை எவ்வளவு இழுக்குதுன்னு அளக்கணும். மெல்லிய ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப் ஒண்ணு, ஒரு மில்லி சிரிஞ்சோட வெறும் குழல் ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள முக்கி வெச்சே இணைக்கணும், தண்டை ட்யூபோட ஒரு முனையில இறுக்கமா சொருகி, மறு முனையில சிரிஞ்சு குழல். வெளிய எடுத்து துடைச்சுட்டு இணைப்பு மேல தாராளமா வாசலின் பூசணும், இது ஓடாம போறதுக்கு பாதிக்கு மேல காரணம் அந்த இடத்துல கசியறதுதான். குழலை படுக்கை வசமா வெச்சா தண்ணியோட ஓரம் கோடு கோடா நகர்றது தெரியும், ஃபேன் போட்டா வேகமாகும், இலை மேல பிளாஸ்டிக் கவரை மூடினா கிட்டத்தட்ட நின்னுடும். இது செடி எடுத்துக்கிற தண்ணியைத்தான் அளக்குது, வெளிய விடறதை இல்ல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும் ஆனா ஒண்ணு கிடையாது. வெளிய விடறதை அளக்கணும்னா தொட்டிச் செடியோட மண்ணை பிளாஸ்டிக்ல இறுக்கி மூடிட்டு காலையிலயும் சாயங்காலமும் எடை போட்டா சரி. ஸ்டீபன் ஹேல்ஸ்னு இங்கிலாந்துல ஒரு பாதிரியார் 1720கள்ல ஒரு சூரியகாந்தி தொட்டியை மூடி வெச்சு இதைத்தான் செஞ்சார், ஒரு பகல்ல சராசரியா அரை கிலோவுக்கும் மேல தண்ணி போகுதுன்னு கண்டுபிடிச்சார்.

ஹேல்ஸை இங்க இழுத்துட்டு வர்றதுக்கு காரணம் இருக்கு. அதே ஆள்தான் ஒரு குதிரையோட தமனில நீளமான கண்ணாடிக் குழாயை செருகி ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பார்த்தவர், எட்டு அடிக்கு மேல ஏறுச்சு. குதிரை பாவம், அதை இங்க யாரும் செய்யப் போறதில்ல. ஆனா திராட்சைக் கொடியோட வெட்டுவாயில குழாய் கட்டி செடிச்சாறு எவ்வளவு உயரம் ஏறுதுன்னு அளந்த அதே மூளைதான் ரத்த அழுத்தத்தையும் முதல்ல அளந்திருக்கு, தாவரம் தனி மனுஷன் தனின்னு நாம பாடத்தை பிரிச்சு வெச்சிருக்கிறதுதான் எனக்கு கொஞ்சம் வேடிக்கையா இருக்கு.

உடம்பு பக்கம் வந்தா முதல் வேலை ஸ்டெதாஸ்கோப். சின்ன ஃபனல், அதோட வாயில பலூன் ரப்பரை இழுத்து கட்டணும், வால்ல அரை மீட்டர் ரப்பர் ட்யூப். ட்யூப் நீளமானா சத்தம் குறையும். லெனெக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1816ல காகிதத்தை சுருட்டி வெச்சே கேட்டிருக்கார், அதனால நம்மது மோசமில்ல. இடது மார்புல அஞ்சாவது விலா இடுக்குல வெச்சா லப் நல்லா கேட்கும், மேல ரெண்டாவது இடுக்குல மார்பெலும்பை ஒட்டி வெச்சா டப் பளிச்சுன்னு கேட்கும். லப்புங்கிறது இதயத்தோட மேல் அறையான ஏட்ரியத்துக்கும் கீழ் அறையான வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவுல இருக்கிற வால்வு மூடற சத்தம், டப்புங்கிறது தமனி வாயில இருக்கிற அரைச்சந்திர வால்வு. நிமிஷத்துக்கு 75 துடிப்புன்னா ஒரு சுத்து 0.8 செகண்ட், லப்புலேர்ந்து டப் சின்ன இடைவெளி, டப்புலேர்ந்து அடுத்த லப் பெரிய இடைவெளி. மூச்சு வாங்கற அளவுக்கு குதிச்சுட்டு வந்து கேட்டா அந்த பெரிய இடைவெளிதான் அதிகமா சுருங்கியிருக்கும், அதாவது இதயம் தன்னோட ரெஸ்ட்லதான் கை வெக்குது.

பம்ப் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்க, கேன்லேர்ந்து எண்ணெய் மாத்தற கை பம்ப் இருக்கு இல்லையா, அமுக்கற குமிழோட, அதை எடுத்தோம். அதுக்குள்ள ரெண்டு வால்வு, அமுக்கினா ஒண்ணு திறக்கும், விட்டா இன்னொண்ணு திறக்கும், வெண்ட்ரிக்கிள் அப்படியே. மேல் பாத்திரத்தை கண்டிப்பா உயரத்துல வெக்கணும், கீழ வெச்சா சைஃபனாகி தானா ஓடிடும், அப்புறம் கைக்கு என்ன வேலை. எவ்வளவு உயரம்? ரத்த அழுத்தத்தோட மேல் அளவு 120 மி.மீ. பாதரசம்னா தண்ணில ஏறக்குறைய 1.6 மீட்டர். பையனோட வாய் உயரம்னு வெச்சுக்கோங்க. அவ்வளவு உயரத்துக்கு வெளி ட்யூபை நீட்டி, நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர் ஏத்தணும், ஏன்னா ஒரு துடிப்புக்கு 70 மில்லி, 72 துடிப்பு, பெருக்கினா 5040 மில்லி. ஒரு நிமிஷம் முடியறதுக்குள்ள கை மாத்திட்டான். பெரிய ஆளோட உடம்புல மொத்த ரத்தமே சுமார் அஞ்சு லிட்டர்தான். ரத்தம் புதுசு புதுசா உற்பத்தியாகி செலவாகுதுன்னு நம்பிக்கிட்டிருந்த காலத்துல, வில்லியம் ஹார்வின்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 1628ல இதே மாதிரி பெருக்கல் போட்டுத்தான், இவ்வளவு ரத்தத்தை உடம்பு உண்டாக்கவே முடியாது, அதனால அதேதான் சுத்தி வருதுன்னார்.

ஹார்வியோட கை வித்தையையும் செய்யலாம். கையை கொஞ்ச நேரம் தொங்க விட்டா முன்கையில சிரை புடைக்கும், அங்கங்க முடிச்சு மாதிரி தெரியறது வால்வு. மணிக்கட்டு பக்கமா சிரை மேல ஒரு விரலை அழுத்தி வெச்சு, இன்னொரு விரலால முழங்கை பக்கமா ஒரு முடிச்சைத் தாண்டி வழிச்சு விட்டா, அந்த துண்டு காலியாகி தட்டையா இருக்கும், மேல ரத்தம் இருந்தும் திரும்பி வராது. கீழ் விரலை எடுத்தா குபுக்குனு நிரம்பும். கையை இறுக்கி கட்டியெல்லாம் செய்ய வேணாம், தொங்க விட்டாலே போதும்.

இப்ப அந்த கம்பிச் சுருளுக்கு வர்றேன். காத்தழுத்தம் தாங்கற தண்ணித் தூண் 10.3 மீட்டர்தான், ஆனா கலிஃபோர்னியாவுல இருக்கிற ரெட்வுட் மரம் 115 மீட்டர் வளருது. அவ்வளவு உயரத்துக்கு இலை மேலேர்ந்து இழுக்குது, தண்ணி மூலக்கூறு ஒண்ணை ஒண்ணு விடாம பிடிச்சுக்கிட்டு கயிறு மாதிரி வருதுன்னு டிக்சன், ஜோலின்னு ரெண்டு அயர்லாந்து விஞ்ஞானிங்க 1894ல சொன்னாங்க. இழுக்கும்போது குழாய்க்கு என்ன ஆகும்? இதுக்கு ஒரு மாடல் செஞ்சோம். நீளமான மெல்லிய பலூன்ல ஒரு துண்டு, ரெண்டு பக்கமும் திறந்தது, ஒரு முனையில ஸ்ட்ரா கட்டி தண்ணில விட்டு, மறு முனையில பெரிய சிரிஞ்சை கட்டி பிஸ்டனை இழுத்தா, பலூன் சப்பையா ஒட்டிக்கும், தண்ணி வராது. அதே துண்டுக்குள்ள பால்பாயிண்ட் பேனா ஸ்ப்ரிங் ரெண்டை வரிசையா தள்ளி திரும்ப இழுத்தா தண்ணி வந்துடும். பிஸ்டனை தள்ளினா ஸ்ப்ரிங் இல்லாமலே போகும், பலூன் கொஞ்சம் உப்பும், விட்டா சுருங்கும்.

பையன் தொண்டையை தொட்டுப் பார்த்துட்டு "மூச்சுக்குழாய்லயும் வளையம் இருக்கே மாமா"ன்னான். இருக்கு, 16லேர்ந்து 20 வரைக்கும், பின்பக்கம் திறந்த குருத்தெலும்பு வளையம். மூச்சை உள்ள இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் இறங்கி உள்ள அழுத்தம் குறையுது, அதுவும் இழுக்கிற குழாய்தான், வளையம் இல்லன்னா பலூன் மாதிரி ஒட்டிக்கும். தமனி தள்ளற குழாய், அதுக்கு வளையம் வேணாம், உப்பி சுருங்கற ரப்பர்த்தன்மைதான் வேணும். மணிக்கட்டுல நாடி மேல களிமண் உருண்டை வெச்சு அதுல நீளமான மெல்லிய ஸ்ட்ரா குத்தி நிறுத்தினா துடிப்புக்கு துடிப்பு ஸ்ட்ரா நுனி ஆடும், தமனி உப்பி சுருங்கறதைத்தான் அது காட்டுது.

இதுக்கப்புறம் புக்கை திறந்து ரெண்டு படத்தையும் வரைஞ்சான். தண்டுக்கு புக்ல இருக்கிற முழு வட்டம் வேணாம்னு தன்னோட கால் வட்ட சீவலையே வரைஞ்சு, அயோடின்ல பார்த்த இடத்துல அகத்தோல்னு எழுதினான். பரீட்சைக்கு முழு வட்டம்தான் கேட்பாங்க, அதையும் பக்கத்துல வரைஞ்சு வெச்சுக்கிட்டான். கிளிசரின்ல இருக்கிற ஸ்லைடு வழிஞ்சு போகாம இருக்க கவர்ஸ்லிப் ஓரம் சுத்தி நெயில் பாலிஷ் பூசி வெச்சிருக்கோம், அடுத்து வேர் சீவணும், அதுல சைலம் நடுவுல நட்சத்திரமா இருக்கும், வட்டமா இல்ல, அதுக்கு அவரை விதை ஊறப்போட்டாச்சு.